ஜெருசலேம் பழைய நகரம்: எந்த நாள், எந்த வாசல், எந்த வரிசை? ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெருசலேமின் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். மேற்கே ஜாஃபா வாசலில் நுழைந்து கிழக்கே சிங்க வாசலில் வெளியேற அரை மணி நேரம்கூட ஆகாது. இந்தச் சிறிய இடத்துக்குள் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என மூவரும் உயிராக மதிக்கும் தலங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு, வாசல் வேறு, உடை ஒழுங்கு வேறு. பருத்தி வணிகர் அங்காடியின் முனையில் சிறிது நேரம் நின்றால் போதும்: பொற்குவிமாடத்தை நோக்கி ஆவலோடு வருகிறவர்களைக் காவலர்கள் திருப்பி அனுப்புவதைப் பார்க்கலாம். எவ்வளவோ செலவழித்து, கடல் கடந்து வந்தவர்களின் முகம் அந்த இடத்தில் வாடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் பயணத்தை வரிசைப்படுத்த வேண்டும். மிகக் குறைந்த நேரமே திறந்திருக்கும் இடத்துக்கு முதலில் நாள் ஒதுக்குங்கள். எந்நேரமும் திறந்திருப்பதைக் கடைசிக்கு வையுங்கள். கீழே உள்ள படிகள் அந்த முறையில்தான் அமைந்திருக்கின்றன.

1. டிக்கெட் எடுக்கும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். மலேசியக் கடவுச்சீட்டில் இஸ்ரேல் நீங்கலாகப் பிற நாடுகளுக்குச் செல்லும் என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே மலேசியத் தமிழர்கள் தங்கள் அரசின் அனுமதி கையில் கிடைக்கும்வரை எதற்கும் பணம் கட்டக் கூடாது.

அடுத்ததாக, வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பாருங்கள். டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறை, புறப்படும் வாரத்தில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. பதற்றம் கூடினால் இந்தத் தலங்களை முன்னறிவிப்பின்றி மூடிவிடுகிறார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது போர்ச்சூழல் விலக்கு குறித்த பகுதியை வரி விடாமல் படியுங்கள். பல காப்பீடுகள் அந்த ஒரு காரணத்தைக் காட்டியே கைவிரித்துவிடும்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கான அரசு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. சிறுபான்மையினர் நலத் துறை அதைக் கவனிக்கிறது. விதிமுறைகளைப் புறப்படும் முன்பே படித்து, பயணம் தொடர்பான எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்பிய பிறகு அவற்றைத் தேடிக்கொண்டிருப்பது பெரும்பாடு.

விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. அதற்குப் பதில் ஒரு சிறு சீட்டு தருவார்கள். விடுதியில் அதைக் கேட்பார்கள் என்பதால் கடவுச்சீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

2. நாட்களை முதலில் தீர்மானியுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இந்தப் படியில்தான். மூன்று மதங்களின் வாரப் புனித நாட்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் இங்கே சாதாரண நாட்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ தொழுகை நடக்கும். டமாஸ்கஸ் வாசலிலிருந்து உள்ளே வரும் சந்துகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் போவார்கள், தொழுகை முடிந்ததும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். எதிர்த்திசையில் நடப்பது நடக்காத காரியம். அன்று மாலை சூரியன் மறையும்போது யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்கிச் சனிக்கிழமை இரவுவரை நீடிக்கும். ரயிலும் டிராமும் பெரும்பாலான பஸ்களும் வெள்ளி பிற்பகலிலேயே நின்றுவிடும். யூதப் பகுதியில் கடைகளும் திறந்திருக்காது. ஞாயிறன்று கிறிஸ்தவப் பகுதியில் பல கடைகள் மூடியிருக்கும், தேவாலயங்களில் வழிபாடு நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே, ஞாயிறு இரவு வந்து சேர்ந்து, திங்கள் முதல் வியாழனுக்குள் முக்கிய இடங்களை முடிப்பதே நல்ல திட்டம். இரண்டு முழு நாட்கள் இருந்தால் போதும். மூன்று இருந்தால் அவசரமின்றிப் பார்க்கலாம். ரமலான் மாதம், ஈஸ்டர் வாரம், யூதர்களின் பாஸ்கா, செப்டம்பர் - அக்டோபரில் வரும் அவர்களுடைய பெருவிழாக்கள் ஆகியவற்றில் எல்லா நேர அட்டவணையும் மாறும். திருவிழாவில் பங்கேற்பதே நோக்கம் என்றால் அந்நாட்களில் வாருங்கள். இடங்களைப் பார்ப்பதே நோக்கம் என்றால் தள்ளி வாருங்கள்.

3. உடை, காலணி, பை

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொது விதி. பெண்களுக்கு முழுக்கை சல்வார் கமீஸும் பெரிய துப்பட்டாவும் மிகப் பொருத்தம், ஏனென்றால் எந்தத் தலத்திலும் அதை மாற்ற வேண்டியிருக்காது. சேலை கட்டுகிறவர்கள் இடுப்பு தெரியாதபடி ஒரு சால்வையைச் சுற்றிக்கொள்ளுங்கள். பொற்குவிமாடம் இருக்கும் ஹரம் வளாகத்தில் அதற்காகத் தடுத்து நிறுத்தக்கூடும். ஆண்கள் முழுக்கால் சட்டை அணிய வேண்டும்.

ஆண்கள் ஒரு தொப்பியைப் பையில் வைத்திருங்கள். யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவரின் அருகே தலை மூடியிருக்க வேண்டும். தேவாலயத்துக்குள் அதே தொப்பியைக் கழற்ற வேண்டும். ஒரே நாளில் இரண்டுக்கும் போகிறவர்கள் இதை மறந்து, உள்ளே இருப்பவர்களின் மனம் நோக நடந்துகொள்கிறார்கள்.

காலணி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. வேளாங்கண்ணிப் பழக்கத்தில், இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் திருக்கல்லறைத் தேவாலய வாசலில் செருப்பைக் கழற்றத் தேடுவார்கள். அங்கே கழற்ற வேண்டியதில்லை, வைக்க இடமும் இல்லை. பள்ளிவாசலுக்குள் தொழப் போகும் முஸ்லிம்கள் மட்டும் கழற்றுவார்கள். நல்ல பிடிப்புள்ள ஷூ அணியுங்கள். நூற்றாண்டுகளாக மிதிபட்டு வழவழப்பான சுண்ணாம்புக்கல் தரை, மழை பெய்தால் வழுக்கும்.

பை சிறியதாக இருக்கட்டும். ஹரம் செல்லும் காலையில் மட்டும் பைபிள், ஜெபமாலை, வெளியே தெரியும் சிலுவை முதலியவற்றை அறையிலேயே வைத்துவிடுங்கள். காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

4. வந்து சேர்வதும் தங்குவதும்

பென் குரியன் விமான நிலையத்திலிருந்து ஜெருசலேமின் நவோன் நிலையத்துக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து டிராமில் நகர மண்டப நிறுத்தத்தில் இறங்கினால் ஜாஃபா வாசல் நடக்கும் தூரம். அடுத்த நிறுத்தம் டமாஸ்கஸ் வாசலுக்கு அருகில் இருக்கிறது. வெள்ளி மாலையோ சனிக்கிழமையோ இறங்கினால் டாக்ஸிதான் வழி.

மதிலுக்குள்ளேயே தங்க முடிந்தால் தங்குங்கள். விடியற்காலையில் கூட்டம் வரும் முன் தலங்களை அடைய அது பெரிதும் உதவும். பெரும்பாலான சந்துகளில் வண்டி வராது, வழியெங்கும் படிகள் வரும். சக்கரப் பெட்டியை அவற்றில் ஏற்றி இறக்குவது பெரும் தண்டனை. எனவே தோளில் மாட்டும் பையோடு வருகிறவர்களுக்கே இந்த யோசனை. முதியவர்கள் இருந்தால் ஜாஃபா வாசலுக்கு வெளியே தங்குவது நல்லது.

5. முதல் காலை: ஹரம் அஷ் ஷரீஃப்

யூதர்கள் ஆலய மலை என்றும், முஸ்லிம்கள் அல் அக்ஸா, பைத்துல் முகத்தஸ் என்றும் போற்றும் இந்த வளாகத்துக்குத்தான் நேரம் மிகக் குறைவு. முஸ்லிம் அல்லாதவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டுமே போகலாம். காலையில் சில மணி நேரமும், நண்பகல் தொழுகைக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் அனுமதி. வெள்ளி, சனி, இஸ்லாமியப் பெருநாட்களில் அனுமதி இல்லை. நேரம் பருவத்துக்கேற்ப மாறுவதால் முதல் நாள் மாலையே விடுதியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

வளாகத்துக்குப் பல வாசல்கள் இருந்தாலும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே வாசல்தான்: முக்ராபி வாசல். குப்பைமேட்டு வாசலுக்கு அருகே, மேற்குச் சுவர் வளாகத்தை ஒட்டி, ஒரு மரப் பாலம் மேலேறிச் செல்லும். அதன் அடியில்தான் வரிசை. திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய் நில்லுங்கள். பாதுகாப்புச் சோதனை மெதுவாக நடக்கும், நேரம் முடிந்துவிட்டால் வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் கதவு மூடிவிடும். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே வழிபடக் கூடாது என்ற நடைமுறை கண்டிப்பானது. அதனால்தான் பிற மத நூல்களும் வழிபாட்டுப் பொருட்களும் சோதனையில் தடுக்கப்படுகின்றன. குழுவாகச் சேர்ந்து பாடுவது, கண்மூடிக் கைகூப்புவது எல்லாம் பிரச்சினையில் முடியும். கணவன் மனைவியே ஆனாலும் தோளில் கைபோட்டுப் படம் எடுக்காதீர்கள்.

பொற்குவிமாடம் என்று நாம் சொல்லும் பாறைக் குவிமாடத்துக்குள்ளும் அல் அக்ஸா பள்ளிவாசலுக்குள்ளும் 2000ஆம் ஆண்டு முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. வெளியே நின்று பார்ப்பதும் குறைவானதன்று. கலீஃபா அப்துல் மலிக் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய எண்கோணக் கட்டடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். நீல ஓடுகளின் நிறம் ஒவ்வொரு பக்கத்திலும் வெயிலுக்கேற்ப வேறுபடும். வெளியேறும்போது சங்கிலி வாசல் போன்ற வேறு வாசலால் அனுப்புவார்கள். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதே வழியில் திரும்ப முடியாது, ஆகவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

முஸ்லிம் வாசகர்கள் முக்ராபி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. திறந்திருக்கும் பிற வாசல்கள் வழியே நுழையலாம். வெளிநாட்டவர் என்பதால் காவலர்கள் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். முஸ்லிம்தானா என்று உறுதிசெய்ய ஒரு சூராவை ஓதச் சொல்வதும் உண்டு. பொறுமையாக ஓதிவிட்டால் சிக்கல் இல்லை. தொழுகைக்குப் பிறகு ஏரோது வாசலருகே உள்ள ஸாவியா ஹிந்தியாவைப் போய்ப் பாருங்கள். பஞ்சாபின் சூஃபி ஞானி பாபா ஃபரீத் தங்கித் தவம் செய்ததாகப் போற்றப்படும் இந்திய விடுதி அது. 1924 முதல் ஒரு அன்சாரி குடும்பம் அதைப் பராமரித்து வருகிறது.

6. அன்று பகல்: சிலுவைப் பாதை

இயேசு சிலுவை சுமந்து சென்றதாக நம்பப்படும் இந்தப் பாதையின் பதினான்கு நிலைகளும் கிழக்கிலிருந்து மேற்காக அமைந்தவை. ஆகவே சிங்க வாசல் பக்கமிருந்து தொடங்குங்கள். ஜாஃபா வாசலில் நுழைகிறவர்கள் வழியில் தென்படும் நிலைகளில் ஆரம்பித்து, வரிசை தலைகீழாகிக் குழம்பிப் போகிறார்கள். முதலில் புனித அன்னாள் தேவாலயத்தைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம், உள்ளே நான்கு பேர் பாடினாலும் நாற்பது பேர் பாடுவதுபோல் ஒலிக்கும். பெத்தெஸ்தா குளத்தின் எச்சங்களும் அதே வளாகத்தில் உள்ளன. நண்பகலில் மூடிவிடுவார்கள்.

சுவரில் பதித்த வட்டத் தகடுகளில் உள்ள ரோமன் எண்களே அடையாளம். எட்டாம் நிலைவரை சிக்கலில்லை. அங்கே வழி அடைபட்டிருப்பதால், தொடர்ந்து முன்னே போகலாம் என்று நினைப்பவர்கள் சந்துகளுக்குள் தொலைந்துபோகிறார்கள். வந்த வழியே கான் அஸ் ஸைத் கடைத்தெருவுக்குத் திரும்பி, தெற்கே சிறிது நடந்து, வலப்புறம் மேலேறும் படிக்கட்டைப் பிடியுங்கள். அது காப்டிக் திருச்சபையின் வளாகத்தில் இருக்கும் ஒன்பதாம் நிலைக்குக் கொண்டுபோகும்.

அங்கிருந்து பெரும்பாலோர் மீண்டும் தெருவுக்கு இறங்கிச் சுற்றி வருகிறார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. பக்கத்திலேயே திருக்கல்லறைத் தேவாலயத்தின் கூரைமேல் எத்தியோப்பியத் துறவிகள் வாழும் சிறு குடியிருப்பு உண்டு. அவர்களுடைய இரண்டு சிற்றாலயங்கள் வழியே இறங்கினால் தேவாலய முற்றத்துக்கே வந்துவிடலாம். அமைதியாகக் கடந்து போங்கள், ஒரு சிறு காணிக்கை இடுங்கள். மிக எளிமையாக வாழ்கிறவர்கள் அவர்கள். கடைசி ஐந்து நிலைகளும் தேவாலயத்துக்குள் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமைகளில் பிரான்சிஸ்கன் சபையார் நடத்தும் சிலுவைப் பாதை ஊர்வலம் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும், கோடையில் 4 மணிக்கு. தனியாக வந்தவர்கள் அதில் சேர்ந்து நடக்கலாம், வழி தேடும் கவலையே இருக்காது.

7. மறுநாள் விடியல்: திருக்கல்லறைத் தேவாலயம்

சிலுவைப் பாதையின் முடிவில் உள்ளே போயிருந்தாலும் மறுநாள் விடியலில் மறுபடியும் வாருங்கள். பகலில் அங்கே நெரிசலைத்தான் பார்த்திருப்பீர்கள். ஆறு திருச்சபைகள் இந்த ஒரே கூரையின் கீழ் வழிபடுகின்றன: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கம், ஆர்மீனியம், காப்டிக், எத்தியோப்பியம், சிரியன். எந்த விளக்கு யாருடையது என்பதுவரை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கே நடக்கிறது. கதவின் சாவி இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. விடியுமுன் கதவு திறந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் அபிஷேகக் கல்லில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். நீங்கள் வலப்புறம் திரும்பிச் செங்குத்தான படிகளில், இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடமாகப் போற்றப்படும் கல்வாரிக்கு ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் துணை வேண்டும். இறங்கிய பிறகு இடப்புறம் கல்லறை மண்டபத்துக்குப் போங்கள். விடிகாலையில் கல்லறைக்குள்ளேயே வழிபாடுகள் நடப்பதால் இடைவேளைகளில்தான் உள்ளே விடுவார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தும் துறவியிடம் கேட்டால் எப்போது விடுவார்கள் என்று சொல்லிவிடுவார். வாசல் மிகத் தாழ்வு, நன்றாகக் குனியுங்கள். சில நொடிகள்தான் கிடைக்கும், அந்த நேரத்தைப் படம் எடுப்பதில் செலவழிக்காதீர்கள்.

பிறகு கீழே புனித ஹெலனா சிற்றாலயத்துக்கு இறங்குங்கள். படிச்சுவரில் பழங்காலப் பயணிகளின் நினைவாகச் செதுக்கப்பட்ட சிறு சிலுவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். நீங்களும் எதையும் கீறக் கூடாது. அருட்தந்தையோடு வரும் குழுக்கள் தமிழில் திருப்பலி நிறைவேற்ற விரும்பினால் பிரான்சிஸ்கன் சபையாரிடம் பல வாரங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். நேரில் வந்து கேட்டால் இடம் கிடைப்பது அரிது.

இயேசுவின் கல்லறை இதுவே என்று சிலர் நம்பும் தோட்டக் கல்லறையைத் தேடும் சீர்திருத்தச் சபையினருக்கு: அது டமாஸ்கஸ் வாசலுக்கு வெளியே, வடக்கே இருக்கிறது. ஞாயிறன்று போகாதீர்கள்.

8. மேற்குச் சுவர்

இது இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். மாலையில் போங்கள், வெயில் தணிந்திருக்கும். சுவரை நோக்கி நின்றால் ஆண்களுக்கு இடப்பக்கம், பெண்களுக்கு வலப்பக்கம். தொப்பி இல்லாத ஆண்களுக்கு வாசலிலேயே இலவசத் தொப்பி கிடைக்கும். எந்த மதத்தவரும் சுவரைத் தொட்டு நிற்கலாம். இடுக்குகளில் செருகும் வேண்டுதல் சீட்டுகளை ஆண்டுக்கு இருமுறை எடுத்து ஒலிவ மலையில் புதைக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

திரும்பும்போது சுவருக்கு முதுகு காட்டாமல் சில அடிகள் பின்னால் நடந்து வருவது அங்குள்ளவர்களின் வழக்கம், நீங்களும் பின்பற்றினால் மகிழ்வார்கள். சபாத் தொடங்கிய பிறகு அங்கே படம் எடுப்பது, போன் பயன்படுத்துவது, எழுதுவது எதுவும் கூடாது. சுவரையொட்டிய நிலத்தடிச் சுரங்கப் பாதைக்கு மட்டும் முன்பதிவு வேண்டும்.

நகரில் கழிப்பறை கிடைப்பது அரிது. இந்த வளாகத்தில் நல்ல இலவசக் கழிப்பறையும் குடிநீரும் உள்ளன, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

9. நேரம் மிஞ்சினால்

மதில்மேல் நடக்கலாம். 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் கட்டிய மதில் இது, சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர். வடக்குப் பாதை, தெற்குப் பாதை இரண்டுமே ஜாஃபா வாசல் பக்கம் தொடங்கும், டிக்கெட் உண்டு. நிழலே கிடையாது, காலையில் ஏறுங்கள். அது முடியாதவர்கள் சிலுவைப் பாதையில் மூன்றாம் நிலைக்கு எதிரே உள்ள ஆஸ்திரிய விடுதியின் மொட்டை மாடிக்குப் போகலாம். நகரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

10. சந்துகளில் நடந்துகொள்ளும் முறை

“அந்த வழி மூடியிருக்கிறது, என்னோடு வாருங்கள்” என்று யாராவது சொன்னால் அருகிலுள்ள காவலரிடமோ கடைக்காரரிடமோ கேட்டு உறுதிசெய்யுங்கள். உண்மையாகவே மூடியிருக்கலாம், வழிகாட்டிக் காசு கேட்கும் உத்தியாகவும் இருக்கலாம். வழிகாட்டி வைத்துக்கொள்வதென்றால் உரிம அட்டை உள்ளவரை அமர்த்தி, தொகையை முன்பே பேசுங்கள்.

கடைத்தெருவில் பேரம் உண்டு. சிறு கடைகளுக்கு இஸ்ரேலிய நாணயமான ஷெக்கல் நோட்டுகள் தேவைப்படும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்: ஹம்முஸ், ஃபலாஃபல், எள் தூவிய நீள்வட்ட ரொட்டியான கஅக் மூன்றும் எங்கும் கிடைக்கும், வயிறு நிறையும்.

இந்த மதிலுக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சந்துகள் இவை. அவர்களுடைய துயரங்களும் அச்சங்களும் ஆழமானவை. “இந்த நகரம் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டு வாய் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். முகங்களைப் படம் எடுக்கும் முன் அனுமதி பெறுங்கள். கலவரமோ ஆர்ப்பாட்டமோ தென்பட்டால் வேடிக்கை பார்க்க நிற்காமல் அருகிலுள்ள வாசலால் வெளியேறிவிடுங்கள். டமாஸ்கஸ் வாசலிலும் சிங்க வாசலிலும் இதைக் குறிப்பாக நினைவில் வையுங்கள்.

11. திரும்பும் நாள்

விமான நிலையத்தில் பாதுகாப்புக் கேள்விகள் நீளும்: எங்கே தங்கினீர்கள், யாரைச் சந்தித்தீர்கள், பையை யார் கட்டியது, யாராவது ஏதேனும் கொடுத்தனுப்பினார்களா? எளிய, உண்மையான பதிலே போதும். மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வெள்ளி மாலைக்கும் சனி இரவுக்கும் இடையில் விமானம் என்றால் ரயில் இல்லை, டாக்ஸியை முதல் நாளே பேசிவையுங்கள். ஜோர்டான் வழியாகத் திரும்புகிறவர்கள் எல்லைக் கடவையான அல்லன்பி பாலம் திறந்திருக்கும் நேரத்தை, குறிப்பாக வெள்ளி, சனிக்கிழமைகளில், முன்பே உறுதிசெய்துகொண்டு காலையிலேயே கிளம்புங்கள். அங்கே வெளியேறும் வரியும் கட்ட வேண்டியிருக்கும், அதற்கான பணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள்.